எஃப் 2 முதல் எஃப் 16 வரை: பழைய லென்ஸ்களின் குணம்



பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் நான்கு பேர் சேர்ந்தால், "இந்த லென்ஸுக்கு ஒரு தனிக் குணம் உண்டு" என்ற பேச்சு வந்துவிடும். நானும் அதை முழுமையாக நம்புகிறவன். ஆனால் அந்தக் குணம் எந்த அப்பர்ச்சரில் என்ற அடுத்த கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. முழுத் திறப்பில் முகத்தின் மேல் மெல்லிய ஒளித்திரை படிந்ததுபோல் எடுக்கும் லென்ஸ், எஃப் 8-க்கு இறக்கியதும் போன மாதம் கடைக்கு வந்த லென்ஸோடு தோளோடு தோள் நிற்கும். இரண்டு படத்தையும் எடுத்தவை ஒரே கண்ணாடிகள்தாம். நடுவில் உள்ள துளை மட்டுமே சிறுத்திருக்கிறது. துளை சிறுக்கும்போது எந்தக் குறை விலகுகிறது, எது பாதி விலகுகிறது, எது அசையாமல் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால், வேண்டிய குணத்தை வேண்டிய அளவுக்கு நாமே வரவழைக்கலாம். இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

உதாரணத்துக்கு ஹீலியோஸ் 44-2 லென்ஸை எடுத்துக்கொள்கிறேன். உங்களில் பலரிடம் இருக்கும். குவியத் தூரம் 58 மில்லிமீட்டர், முழுத் திறப்பு எஃப் 2. மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் ஜெனித் கேமராக்களுக்காகச் செய்யப்பட்டது. இதன் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. 1930-களில் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே வடிவமைத்த பயோட்டார் 58 மில்லிமீட்டர் லென்ஸ்தான் இதன் தாய். ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள். நடுவில் அப்பர்ச்சர், அதன் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றையொன்று பார்த்தபடி வளைந்த கண்ணாடிகள். இரட்டை காஸ் என்று இந்த அமைப்புக்குப் பெயர். இன்று விற்கும் விலை மலிவான 50 மில்லிமீட்டர் லென்ஸ்களிலும் பெரும்பாலும் இதே எலும்புக்கூடுதான்.

இந்த லென்ஸை கேமராவில் மாட்டாமல் கையில் பிடித்து, வெளிச்சமான ஜன்னலுக்கு நேரே நீட்டிப் பாருங்கள். எஃப் 2-வில், நேராகப் பார்த்தால் முழு வட்டமாக ஒளி தெரியும். மெல்லச் சாய்த்தால் முன் வளையத்தின் விளிம்பு ஒரு பக்கத்தையும் பின் வளையத்தின் விளிம்பு மறுபக்கத்தையும் கடிக்கும். வட்டம் ஒடுங்கி, இரு முனையும் கூர்ந்த கண் வடிவம் ஆகிவிடும். படத்தின் மூலையில் விழும் ஒளி இந்த ஒடுங்கிய துளை வழியாகத்தான் உள்ளே வருகிறது. மூலை இருண்டு போவதற்கு ஒரு காரணம் இது. இன்னொன்றும் இதிலிருந்தே கிடைக்கிறது. ஃபோகஸுக்கு வெளியே உள்ள ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் அந்தத் துளையின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். நடுவில் வட்டம்; ஓரங்களில் கண் வடிவம். அந்தக் கண்கள் படத்தின் மையத்தைச் சுற்றி வட்டமாக வரிசை கட்டுவதால், பின்னால் உள்ள மரத்தின் இலையிடுக்கு வெளிச்சமெல்லாம் சுழல்வதுபோல் தெரிகிறது. ஹீலியோஸின் பேர்போன சுழல் பின்னணி இதுதான். ஓரங்களில் மிஞ்சியிருக்கும் அஸ்டிக்மாட்டிசமும் சேர்ந்து அதை இன்னும் இழுத்துக் காட்டும்.

இப்போது அப்பர்ச்சரை எஃப் 4-க்கு மூடிவிட்டு மறுபடி சாய்த்துப் பாருங்கள். சிறு துளை, விளிம்புகளில் இடிபடாமல் முழுதாகவே இருக்கும். அவ்வளவுதான், சுழல் போய்விட்டது. சுழலுக்காக இந்த லென்ஸை வாங்கி எஃப் 4-ல் எடுத்துவிட்டு "எனக்கு வரவில்லையே" என்று வருந்துகிறவர்களுக்கு இந்த ஜன்னல் சோதனையே பதில். எஃப் 2-வில் இருங்கள். ஆள் ஒன்று, ஒன்றரை மீட்டரில் நிற்கட்டும். பின்னால் சில மீட்டர் தள்ளி இலைகளும் வெளிச்சப் பொட்டுகளும் இருக்கட்டும். சுழல் தானாக வரும். எஃப் 4-ல் வெளிச்சப் பொட்டுகள் எட்டுப் பட்டையாக மாறிவிடும். 44-2 லென்ஸின் அப்பர்ச்சரில் எட்டு பிளேடுகள் இருப்பதுதான் காரணம்.

இனி அந்த ஒளித்திரைக்கு வருகிறேன். கோள வடிவில் தேய்த்த கண்ணாடி, தன் நடுப்பகுதி வழியாக வரும் கதிர்களையும் விளிம்பு வழியாக வரும் கதிர்களையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. இதைக் கோளப் பிறழ்ச்சி என்று பள்ளியில் படித்திருப்போம். குழிலென்ஸையும் குவிலென்ஸையும் கலந்து இதை அடக்கலாம், முழுக்க ஒழிக்க முடியாது. நடுப்பகுதிக் கதிர்கள் ஒரு கூர்மையான புள்ளியை வரைகின்றன; விளிம்புக் கதிர்கள் அதைச் சுற்றி ஒரு மங்கலான வட்டத்தைப் பூசுகின்றன. ஆகவேதான் எஃப் 2-வில் கண்ணிமை முடியும் தனித்தனியாகத் தெரிகிறது, அதன் மேல் ஒரு பூச்சும் தெரிகிறது. ஃபோகஸ் தப்பிய படத்தின் மங்கல் வேறு, இந்த மென்மை வேறு. ஃபோகஸ் தப்பினால் இமைமுடியே இருக்காது.

பாடப்புத்தகக் கணக்கின்படி இந்தப் பூச்சின் அகலம் துளையின் விட்டத்தோடு மூன்றாம் அடுக்கில் மாறும். எஃப் 2-விலிருந்து எஃப் 2.8-க்கு வந்தால் ஒளி பாதியாகிறது, பூச்சோ ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது. எஃப் 4-க்கு வந்தால் ஒளி கால் பங்கு, பூச்சு எட்டில் ஒன்று. இரண்டே ஸ்டாப்பில் லென்ஸ் வேறு ஆளாகிவிடுவது இதனால்தான். கோமா என்ற குறை, அதாவது மூலையில் உள்ள தெருவிளக்குக்கு இறகு முளைப்பது, இரண்டாம் அடுக்கில் குறையும். படத்தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பதால் வரும் ஓர மங்கல் துளைக்கு நேர் விகிதத்தில் மட்டுமே குறையும். எனவே மையம் எஃப் 4-லேயே கூர்மையாகிவிடும்; மூலைகள் எஃப் 5.6, எஃப் 8 வரை காத்திருக்கும். நேர்க்கோடு வளைவது மட்டும் எந்த அப்பர்ச்சரிலும் ஒரே அளவில் வளையும். மூலையில் பொருள்களின் ஓரத்தில் படியும் ஊதா, பச்சைக் கோடுகளும் அப்படித்தான். துளையைச் சுருக்கினால் அவை போகா.

என்னைக் கேட்டால், ஹீலியோஸின் மிகச் சிறந்த இடம் எஃப் 2.8. எல்லோரும் எஃப் 2-வில் எடுத்த சுழலைக் காட்டுகிறார்கள், அது கண்ணைப் பறிக்கும். பத்துப் படம் பார்த்ததும் அலுத்தும் போகும். எஃப் 2.8-ல் சுழல் ஒரு சாயல் அளவுக்கு அடங்குகிறது, பூச்சில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது, தோல் தோலாகவே தெரிகிறது. வயதானவர்களின் முகத்தை எடுக்க இதைவிட நல்ல அளவு எனக்குத் தெரியாது. எஃப் 8-ஐப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே அது ஒரு நல்ல 58 மில்லிமீட்டர் லென்ஸ், அவ்வளவுதான்.

எஃப் 16-க்குப் போனால் கூர்மை திரும்பவும் இறங்கும். இதற்கும் கண்ணாடிக்கும் தொடர்பில்லை. ஒளியின் விளிம்பு விளைவு காரணம். பச்சை ஒளியில் ஒரு புள்ளியின் பிம்பம் எஃப் 2-வில் 3 மைக்ரானுக்கும் குறைவு, எஃப் 8-ல் சுமார் 11 மைக்ரான், எஃப் 16-ல் 21 மைக்ரானைத் தாண்டும். 24 மெகாபிக்சல் முழுச்சட்ட கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய லென்ஸோ பழைய லென்ஸோ, எஃப் 16-ல் எல்லாம் ஒரே தட்டில்தான்.

அப்படியானால் 1932-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்செல் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் நண்பர்களும் தங்கள் குழுவுக்கு எஃப் 64 என்றே பெயர் வைத்தார்களே, அது எப்படி? வெஸ்டன் 8-க்கு 10 அங்குல நெகட்டிவில் எடுத்து, பெரிதாக்காமல் அதே அளவில் அச்சிட்டார். எஃப் 64-ல் புள்ளி 86 மைக்ரானுக்கு விரியும், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெறுங்கண்ணுக்கு அது கூர்மைதான். அதே அளவு அச்சுக்கு நம் 35 மில்லிமீட்டர் சட்டத்தை எட்டு மடங்கு பெரிதாக்க வேண்டும். ஆகவே அப்பர்ச்சர் எண்ணைப் பேசும்போது நெகட்டிவின் அளவையும் சேர்த்துப் பேச வேண்டும். அந்தக் குழு அந்த எண்ணைக் கொடியாகப் பிடித்தது மென்மைக்கு எதிராக. அவர்களுக்கு முந்தைய தலைமுறை, லென்ஸ்களின் மென்மையை ஓவியத்துக்கு நிகராகக் கொண்டாடியது.

அந்த மென்மையின் கதை 1840-ல் வியன்னாவில் தொடங்குகிறது. 1839-ல் டாகேரின் புகைப்பட முறை வெளியானபோது கேமராவில் இருந்தது ஏறத்தாழ எஃப் 15 அளவுள்ள லென்ஸ். மனித முகம் எடுக்க அது போதாது. நிமிடக்கணக்கில் ஆடாமல் உட்கார வேண்டும். கணிதப் பேராசிரியர் யோசப் பெட்ஸ்வால், பீரங்கிப் படையில் கணக்குப் போடப் பழகியவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு எஃப் 3.6 அளவுள்ள ஒரு லென்ஸைக் கணக்கிட்டார். ஃபோய்க்ட்லேண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. ஏறத்தாழ 17 மடங்கு ஒளி ஒரே தாவலில் கிடைத்தது. பெட்ஸ்வால் கோளப் பிறழ்ச்சியை நன்றாக அடக்கினார், படத்தளத்தின் வளைவை விட்டுவைத்தார். அவருடைய லென்ஸில் மையம் வியக்கும்படி கூர்மை, ஓரங்கள் கரைந்து போகும். முகம் நடுவில் இருக்கும் படத்துக்கு அது போதும் என்று அவர் தெரிந்தே எடுத்த முடிவு. பழைய லென்ஸின் "குணம்" என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படி ஒருவர் கணக்குப் போட்டு விட்டுவைத்த மிச்சம்தான்.

அந்த வகை லென்ஸை வைத்து ஒருவர் செய்தது புகைப்படக் கலையையே திசை திருப்பியது. ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863-ல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவில் தொடங்கினார். அதில் இருந்தது பெட்ஸ்வால் அமைப்பில் செய்த பிரெஞ்சு லென்ஸ். பெரிய கண்ணாடி நெகட்டிவ், திறந்த அப்பர்ச்சர், மிக அருகில் முகம். ஒரு கண் கூர்மையாக இருந்தால் காது கரைந்துவிடும். லண்டன் விமர்சகர்கள் ஃபோகஸ் செய்யத் தெரியாதவர் என்று எழுதினார்கள். அவரோ, ஃபோகஸ் செய்துகொண்டே வரும்போது கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிட்டேன், மற்றவர்கள் கேட்கும் கூர்மைவரை திருகவில்லை என்று பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் பதிவு செய்தார். என் பார்வையில், லென்ஸின் குறையைத் தன் மொழியாக அறிந்து ஆண்ட முதல் கலைஞர் அவர்தான். அவர் 1875-ல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். களுத்துறை மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். 1879-ல் மலையகத்திலேயே காலமானார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. நம் கடலுக்கு அந்தப் பக்கம் உறங்கும் அவரை நம் புகைப்படக்காரர்கள் அதிகம் அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

அந்தக் காலத்து ஸ்டுடியோ லென்ஸ்களில் இன்று போலச் சுழற்றும் அப்பர்ச்சர் வளையம் பொதுவாக இல்லை. 1858-ல் ஜான் வாட்டர்ஹவுஸ் என்பவர் ஒரு வழி சொன்னார். லென்ஸ் குழாயில் ஒரு பிளவு. துளையிட்ட தனித்தனித் தகடுகள். எந்தத் துளை வேண்டுமோ அந்தத் தகட்டைச் செருகிக்கொள்வது. பித்தளை லென்ஸின் மேல்புறம் ஒரு நீளப் பிளவு இருந்தால் அது இந்தத் தகடுகளுக்கான இடம்.

அடுத்து, அப்பர்ச்சர் மாறும்போது நம்மை ஏமாற்றக்கூடிய ஒரு குணம். 1932-ல் ஸைஸ் நிறுவனத்தில் லுட்விக் பெர்ட்டலே கான்டாக்ஸ் கேமராவுக்காக சோனார் 50 மில்லிமீட்டர் எஃப் 1.5 லென்ஸை உருவாக்கினார். ஏழு கண்ணாடிகளை மூன்றே தொகுதிகளாக ஒட்டினார். காரணம் உண்டு. எதிரொளிப்பைக் குறைக்கும் படலம் பூசாத கண்ணாடியில், காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியை எதிரொளிக்கும். பயோட்டார் போன்ற அமைப்பில் எட்டுப் பரப்புகள், ஒளியில் கால் பங்குக்கு மேல் வழியிலேயே சிதறிவிடும். சிதறிய ஒளி உள்ளே முட்டி மோதி நிழல்களைச் சாம்பலாக்கிவிடும். சோனாரில் ஆறே பரப்புகள், ஆகவே அழுத்தமான கருமை.

அதற்குக் கொடுத்த விலை, அடங்காமல் மிஞ்சிய கோளப் பிறழ்ச்சி. முழுத் திறப்பில் விளிம்புக் கதிர்களும் நடுக்கதிர்களும் சேர்ந்து ஓர் இடத்தில் சமரசம் செய்துகொள்கின்றன. துளை சிறுத்ததும் விளிம்புக் கதிர்கள் வெட்டப்பட்டு, கூர்மையான இடம் பின்னால் நகர்கிறது. எஃப் 1.5-ல் கண்ணில் வைத்த ஃபோகஸ் எஃப் 2.8-ல் காதில் போய் விழும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் இது கண்ணுக்கே தெரியாது. ஹீலியோஸ் போன்ற பழைய லென்ஸ்களில் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள் இருக்கும். ஒன்றில் வேண்டிய எண்ணை வைத்துவிட்டு, மற்றதைத் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு மூடுவார்கள். இருண்ட வ்யூஃபைண்டர் காலத்துக்கு அது சரி. இன்று மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் போட்டு மாட்டுகிறவர்கள், எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். ஃபோகஸ் நகர்வு என்ற தொல்லை அத்தோடு தீர்ந்தது.

எதிரொளிப்பைக் குறைக்கும் படலம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 1890-களில் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் என்ற வடிவமைப்பாளர், காலத்தால் நிறம் மங்கிப்போன பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியைக் கடத்துவதைக் கண்டார். கண்ணாடியின் மேல் இயற்கையாகப் படிந்த மெல்லிய படலம் எதிரொளிப்பைக் குறைத்திருந்தது. இத்தகைய படலத்தைக் கண்ணாடியில் பூசும் முறைக்கு 1935-ல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா காப்புரிமை பெற்றார். அதன் பிறகுதான் எட்டுப் பரப்புள்ள இரட்டை காஸ் அமைப்பு சோனாரை முந்தியது. டெய்லரின் மற்றொரு கொடை, 1893-ன் மூன்று கண்ணாடி டிரிப்லெட். அந்த அமைப்பில் வந்ததுதான் மேயர் நிறுவனத்தின் டிரையோப்ளான் 100 மில்லிமீட்டர் எஃப் 2.8. பின்னணி வெளிச்சப் பொட்டுகளுக்குப் பளிச்சென்ற விளிம்பு கட்டி, சோப்புக் குமிழிகளாகக் காட்டும் லென்ஸ் அது. கோளப் பிறழ்ச்சியை அளவுக்கு மேல் திருத்தியதால் வரும் விளைவு. சிறிது மூடினாலும் விளிம்பு மங்கிப்போகும்.

இப்போது நமக்கு மிகவும் பயன்படும் இடத்துக்கு வருகிறேன். நம் ஊர் வெப்பத்திலும் கடலோர ஈரத்திலும் கிடந்த லென்ஸ்களில் பூஞ்சை ஏறியிருக்கும். உள்ளே இருந்த மசகு ஆவியாகிக் கண்ணாடியில் மங்கலாகப் படிந்திருக்கும். அதில் எடுத்த படத்திலும் ஒரு மென்மை இருக்கும், அதையும் "பழைய லென்ஸின் குணம்" என்று சொல்லி விற்பார்கள். இரண்டையும் பிரித்துக் காட்டும் கருவி அப்பர்ச்சர் வளையம்தான். கறுப்புத் துணியின் முன் ஒரு விளக்கை வைத்து, எஃப் 2, எஃப் 4, எஃப் 8 என்று மூன்று படம் எடுங்கள். விளக்கைச் சுற்றியுள்ள ஒளிவட்டம் எஃப் 4-ல் வற்றி எஃப் 8-ல் மறைந்தால் அது வடிவமைத்தவர் விட்டுவைத்த குணம். எஃப் 8-லும் கறுப்புத் துணி சாம்பலாகவே இருந்தால் அது மசகுப் படலம், பூஞ்சை, அல்லது யாரோ பழைய துணியால் துடைத்த கீறல். மேலும், எஃப் 5.6-ல் மூன்று மூலை கூர்மையாகி ஒரு மூலை மட்டும் மங்கினால், பிரித்துப் பழுது பார்த்தவர் கண்ணாடியைக் கோணலாக உட்கார்த்தியிருக்கலாம். முதலாவது லென்ஸை விலை கொடுத்து வாங்குங்கள். மற்றவற்றைச் சுத்தம் செய்ய முடியுமா என்று தெரியாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

வாங்கிய லென்ஸை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரு முகத்தை வைத்து ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். பிறர் சொன்ன எண்ணை நம்ப வேண்டாம்; ஒரே பெயரில் வந்த இரண்டு லென்ஸ்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. கண்காட்சியில் படம் வைக்கும்போது லென்ஸின் பெயரோடு அப்பர்ச்சரையும் எழுதுங்கள். "ஹீலியோஸில் எடுத்தது" என்பது பாதிச் செய்தி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய ஸ்டுடியோக் குடும்பங்களின் பரண்களில் பித்தளை லென்ஸ்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பளபளப்பாக்க வேண்டாம். முன்கண்ணாடியில் நீலம் பாய்ந்திருந்தால் அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம், அது நன்மை செய்யும் படலமாக இருக்கலாம். குழாயில் பிளவு இருந்தால், அதற்குரிய துளைத் தகடுகள் ஒரு தோல் உறையிலோ தகர டப்பாவிலோ பக்கத்தில் எங்காவது கிடக்கும். என்னவென்று தெரியாமல் அவற்றைப் பழைய இரும்போடு போட்டுவிடுகிறார்கள். தேடி எடுங்கள், லென்ஸோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். தகடு தொலைந்த லென்ஸ் முழுத் திறப்பில் மட்டுமே படம் எடுக்கும்.